பிளைண்ட்சைட்: ‘காணாப் பார்வை’ என்று கொள்ளலாமா?

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

மூளையின் பார்வைப் பகுதி பழுதுபட்டு, எதுவும் தெரியவில்லை என்று சொல்பவரும் கண்முன் உள்ளதற்கு ஏற்பச் சரியாக நடந்துகொள்வதே ‘பிளைண்ட்சைட்’ (blindsight). இந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் குருட்டுப் பார்வை, உணராப் பார்வை, நிருவிகற்பக் காட்சி, கண்டுங்காணாமை ஆகிய பரிந்துரைகள் நம் குழுமத்தின் இந்த உரையாடல் இழையில் இதுவரை வந்துள்ளன. நான் முன்வைக்க விரும்புவது ‘காணாப் பார்வை’. அதற்கான காரணங்கள் பெரும்பாலும் குரங்குகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகளில் இருக்கின்றன. ஆகவே சொல்லைப் பிறகு பார்ப்போம்; அது குறிக்கும் நிகழ்வை முதலில் பார்த்துவிடுவோம்.

குரங்கினத்தில் விழித்திரையிலிருந்து புறப்படும் நரம்பிழைகளுள் மிகப் பெரும்பாலானவை மூளையின் நடுவே உள்ள தலாமசில் எல்ஜிஎன் என்ற நரம்பணுத் தொகுதியின் வழியாக, மூளையின் பின்பகுதியான பிடரி மடலில் பார்வைத் தகவலை முதலில் பெறும் மேற்பரப்பாகிய முதன்மைப் பார்வைப் புறணியைச் சென்றடைகின்றன. அந்தப் புறணியை இழந்த குரங்குக்கு மொத்த வெளிச்சத்தின் கூடுதல் குறைவு தவிர வேறெதுவும் எஞ்சாது என்பதே 1940-களில் ஹைன்ரிக் குளூவர் செய்த ஆய்வுகளை ஒட்டி நிலவிய கருத்து. கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸின் ஆய்வகத்தில் 1965-இல் ஹெலன் என்ற ரீசஸ் குரங்குக்கு இப்புறணி ஏறத்தாழ முழுவதும் நீக்கப்பட்டது. அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த நிக்கலஸ் ஹம்ஃப்ரி, அக்குரங்கு வெறுமனே வெறித்துக்கொண்டிருக்கவில்லை, அசையும் பொருளைக் கண்ணால் தொடர முயல்கிறது என்று ஐயுற்று, அதனோடு விளையாடியும் பழகியும், பின்னாளில் கயிற்றில் பிடித்துக்கொண்டு வயல்வெளியில் நடத்திச் சென்றும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அதைக் கவனித்து வந்தார். மெல்ல மெல்ல ஹெலன் அசையும் பொருளை எட்டிப் பிடிக்கவும், தடைகளை விலக்கி நடக்கவும், தரையில் சிதறிக் கிடக்கும் உலர்திராட்சைத் துணுக்குகளைப் பொறுக்கவும் கற்றுக்கொண்டது. ஆனால் எடுத்த பொருள் இன்னதென்று பார்வையால் மட்டும் அடையாளம் காண அதற்குக் கடைசிவரை இயலவில்லை. அச்சமோ கலக்கமோ ஏற்பட்டால் மறுபடியும் ஒன்றும் தெரியாததுபோல் தடுமாறியது என்றும் ஹம்ஃப்ரி எழுதியிருக்கிறார்.

இந்தப் பின்னணியில்தான் மனிதரிடத்தில் அதே கேள்வி எழுப்பப்பட்டது. லண்டனில், மூளையின் இரத்த நாளக் கோளாறு ஒன்றுக்காக வலப்பக்கப் பிடரி மடலின் ஒரு பகுதி அகற்றப்பட்ட டி.பி. என்ற நோயாளிக்கு பார்வைப் புலத்தின், அதாவது கண்முன் தெரியும் பரப்பின், இடப்பாதி அற்றுப்போயிருந்தது. அந்தப் பாதியில் ஒளிப்புள்ளியைக் காட்டி, அது எங்கே இருக்கிறது என்று கைநீட்டச் சொன்னபோது அவர் சரியாகவே நீட்டினார். நிமிர்ந்த கோட்டையும் கிடைக்கோட்டையும் வேறுபடுத்தினார். தமக்கு எதுவும் தெரியவில்லை, வெறுமனே ஊகித்தேன் என்பதே அவருடைய விளக்கம். 1974-இல் வைஸ்கிரான்ட்ஸ், எலிசபெத் வாரிங்டன் முதலானோர் இதற்கு இட்ட பெயர்தான் பிளைண்ட்சைட்.

இங்கே ஒரு சிக்கல். டி.பி. ‘தெரியவில்லை’ என்று வாய்திறந்து சொல்கிறார். குரங்கு சொல்லாது. ஹெலன் உண்மையில் கண்டதா, காணாமலே நடந்துகொண்டதா என்று அதனிடம் எப்படிக் கேட்பது? ஆக்ஸ்ஃபோர்டில் ஆலன் கோவியும் பெட்ரா ஷ்டோரிகும் 1995-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு அழகாக வழி கண்டது. ஒரு பக்கப் புறணி மட்டும் நீக்கப்பட்ட மூன்று குரங்குகள், இழந்த புலத்தில் தோன்றும் ஒளியைத் திரையில் ஏறத்தாழப் பிழையின்றித் தொட்டன. பிறகு, ஒளி தோன்றாத தடவைகளில் ‘ஒளி இல்லை’ என்பதற்கான கட்டத்தைத் தொட வேண்டும் என்று அவற்றுக்குப் பழக்கினார்கள். அதன்பின் இழந்த புலத்தில் ஒளி காட்டப்பட்டபோதெல்லாம் அவை பெரும்பாலும் ‘இல்லை’ என்ற கட்டத்தையே தொட்டன. தொடச் சொன்னால் சரியாகத் தொடுகிற அதே குரங்குகள், இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கின்றன.

நரம்பு வழிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், சொல்லாக்கத்துக்கு அவை அவ்வளவு தேவையில்லை. முதன்மைப் புறணியை இழந்த பின்னும் பார்வைத் தகவல் செல்லக்கூடிய வழிகளுள், நடுமூளையில் மேல்மேடு என்ற பகுதியின் வழி ஒன்று. ஹம்ஃப்ரி தொடக்கத்தில் அதையே நம்பினார். எல்ஜிஎன்னிலிருந்து முதன்மைப் புறணியைத் தொடாமல் அசைவை அறியும் எம்டி என்ற புறணிப் பகுதிக்கு நேரே செல்லும் இழைகளும் உண்டு. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புறணி இழந்த மக்காக் குரங்குகளின் எல்ஜிஎன்னை மருந்தால் செயலிழக்கச் செய்தபோது இந்த எஞ்சிய திறனும் மறைந்தது. எவ்வழி எவ்வளவு பங்களிக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

இனி, வந்துள்ள சொற்களுக்கு வருகிறேன்.

குருட்டுப் பார்வை என்பது மூலச்சொல்லின் இரு பாதிகளையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டியது. நம் மொழியில் ‘குருட்டு’ என்ற அடை, குருட்டு நம்பிக்கை, குருட்டு அதிர்ஷ்டம், குருட்டாம்போக்கு என ஆராயாமையையும் தற்செயலையும் குறித்தே பெரிதும் வழங்குகிறது. டி.பி. தாம் குருட்டாம்போக்கில் சுட்டியதாகத்தான் நினைத்தார்; ஆய்வின் முடிவோ, அது குருட்டாம்போக்கு அல்ல என்பது. நிகழ்வு எதை மறுக்கிறதோ அதையே பெயராக வைப்பது பொருந்தாது. பார்வையற்றோரைப் பற்றி எழுதும்போது நாம் கைவிட்டுவரும் சொல்லைப் புதிதாக ஓர் அறிவியல் சொல்லில் ஏற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை.

கண்டுங்காணாமை கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கண்டும் காணாமல் இருப்பவர் வேண்டுமென்றே இருக்கிறார். அங்கே காட்சியும் உண்டு, மறைப்பும் உண்டு. டி.பி.யோ எதையும் மறைக்கவில்லை.

நிருவிகற்பக் காட்சி என்ற பரிந்துரை இவ்விழையிலேயே ஆழமானது. அதை முன்வைத்த நண்பரின் புலமைக்கு என் வணக்கம். பெயர், இனம், குணம் என்று பிரித்தறியுமுன் ஏதோ ஒன்று உளது என்ற அளவில் நிற்கும் அறிவையே அளவை (தருக்க) நூல்கள் அவ்வாறு சுட்டுகின்றன. இன்னதென்று அறியாமல் துணுக்குகளைப் பொறுக்கிய ஹெலனுக்கு இது ஓரளவு ஒத்துவரும். ஆயினும் நிருவிகற்பத்தில் ‘உளது’ என்பதாவது தோன்றியாக வேண்டும். கோவியின் குரங்குகளோ ‘இல்லை’ என்கின்றன.

எஞ்சியது உணராப் பார்வை. நானும் முதலில் இதன் பக்கமே சாய்ந்தேன். என்னைத் தயங்க வைத்தவை இரண்டு. வைஸ்கிரான்ட்ஸ் இந்நிகழ்வைப் பின்னர் இரு வகையாகப் பிரித்தார். முதல் வகையினருக்கு எந்த உணர்வும் இல்லை. இரண்டாம் வகையினர், ஏதோ நகர்ந்ததுபோல் உணர்கிறேன், ஆனால் அதைக் காணவில்லை என்கிறார்கள். அவர்கள் உணர்வதை உணராப் பார்வை என்று எப்படிச் சொல்வது? அடுத்தது, பார்வையற்ற புலத்தில் காட்டப்படும் முகங்களின் அச்சத்தையும் மகிழ்ச்சியையும் நோயாளிகள் சரியாகப் பிரித்துச் சொல்வதை பியாட்ரிஸ் டி கெல்டர் 1999 முதல் ஆராய்ந்துள்ளார். இதற்குத் தனிப் பெயர் தேவைப்படுகிறது. ‘உணர்ச்சிசார் உணராப் பார்வை’ என்று எழுதினால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். (‘விழிப்புணர்வற்ற பார்வை’ என்ற யோசனையும் தனிமடலில் வந்தது. விழிப்புணர்வு என்ற சொல்லைச் சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு நாம் எழுதிக் கொடுத்து வெகுகாலம் ஆகிறது.)

காணாப் பார்வையின் வலிமை, பார்த்தலும் காண்டலும் தமிழில் இருவேறு வினைகள் என்பதில் இருக்கிறது. ‘எல்லா இடத்திலும் பார்த்தேன், காணவில்லை’ என்று அன்றாடம் சொல்கிறோம். பார்ப்பது கண்ணை ஒன்றின்மேல் செலுத்துவது. காண்பது அது அறிவுக்கு எட்டுவது. இந்நிகழ்வில் முன்னது நடக்கிறது, பின்னது நடக்கவில்லை. இரண்டாம் வகையினர் உணர்ந்தும் காணாதவர்களே ஆதலால் அவர்களும் இச்சொல்லுக்குள் அடங்குவார்கள். குரங்குகளைப் பற்றி எழுதும்போது இன்னொரு நன்மையும் உண்டு: அவற்றின் உள்ளுணர்வைப் பற்றி நாம் எதையும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அந்தக் கட்டத்தைத் தொட்டு அவை அளித்த விடையே ‘காணவில்லை’ என்பதுதான். யாராலும் காணப்படாத பார்வை என்றும் இப்பெயரெச்சத்தைப் படிக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். படிக்கலாம், முதல் வழக்கில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் தீரும் ஐயம் அது.

ஆகவே முதல் வகைக்கு ‘உணர்விலாக் காணாப் பார்வை’, இரண்டாம் வகைக்கு ‘உணர்வுடைக் காணாப் பார்வை’, முகக்குறிப்பு ஆய்வுகளுக்கு ‘உணர்ச்சிசார் காணாப் பார்வை’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். மாற்றுக் கருத்து இருப்போர் இவ்விழையிலேயே எழுதலாம். இதே அமைப்பில் தொடுபுலனில் நிகழ்வதை ‘உணராத் தொடுகை’ எனலாம். அங்கே உணரா என்ற அடை இடையூறின்றிப் பொருந்துகிறது. செவிப்புலனில்தான் தடை. ஓசை காதில் விழுவதற்கும் அது அறிவுக்கு எட்டுவதற்கும் நாம் ‘கேட்டல்’ என்ற ஒரே வினையைப் பயன்படுத்துகிறோம். அதைப் பிரித்துச் சொல்லும் இணை வினை வட்டார வழக்குகளில் எங்கேனும் உண்டா என்று அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.