மறுமொழி: மாய்ஸ்ச்சரைசருக்கு ‘ஈரப்பதமூட்டி’ வேண்டாம், ‘ஈரக்காப்பு’ போதும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மாய்ஸ்ச்சரைசருக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று மூன்று நாள்களாக ஓடும் இழையை இன்றுதான் முழுதாகப் படித்து முடித்தேன். பதினோரு ஆண்டுகளாகக் கிரீமும் லோஷனும் கலக்குவதே என் பிழைப்பு. எனவே ஒதுங்கி நிற்க மனம் வரவில்லை. எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

> ஈரப்பதமூட்டி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான், ஐயா. எதற்குப் புழங்குகிறது என்பதில்தான் சிக்கல். ‘ஈரப்பதம்’ என்ற சொல்லை வானிலைச் செய்திகள் காற்றுக்கு எழுதி வைத்துவிட்டன. சென்ற மாதம் ஒரு விற்பனைத் தளத்தின் தமிழ்ப் பக்கத்தில் ஈரப்பதமூட்டி என்று தேடினேன். முதலில் வந்தது அறையின் மூலையில் வைத்தால் நீராவி கக்கும் கருவி. இரண்டாவது முகத்துக்கான கிரீம். மூன்றாவது மறுபடியும் கருவி. காற்றுக்கு ஈரப்பதம் ஊட்டும் அந்தக் கருவிக்குத்தான் இந்தச் சொல் பொருத்தம். அதனிடமே விட்டுவிடுவோம்.

இது சிறிய குறை. பெரிய குறை ‘ஊட்டி’யில் இருக்கிறது. (மலையூரைச் சொல்லவில்லை.) மாய்ஸ்ச்சரைசர் தோலுக்கு ஈரத்தை ஊட்டுகிறதா என்ன?

எங்கள் கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒன்றைச் செய்து காட்டுவேன். ஒரு கண்ணாடி வில்லையில் ஒரு கிராம் லோஷனை மெல்லியதாகத் தடவித் துல்லியத் தராசில் வைத்துவிட்டு, எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வேன். மின்விசிறிக்கு அடியில் அந்த எண் இறங்கிக்கொண்டே போகும். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். போனதெல்லாம் தண்ணீர். சாதாரண லோஷனில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு தண்ணீர்தான். புட்டியின் பின்புறப் பட்டியலில் முதலில் இருக்கும் ‘அக்குவா’ அதுவே. கண்ணாடி மேல் நடப்பதுதான் கன்னத்தின் மேலும் நடக்கிறது. தடவியவுடன் தெரியும் குளிர்ச்சி, தண்ணீர் ஆவியாகி விடைபெறும்போது தருவது. வாங்குபவர் அதையே ‘தோல் குடித்துவிட்டது’ என்கிறார். விளம்பரம் எழுதுபவருக்கும் அதுதான் வேண்டும்.

அப்படியானால் தோலின் ஈரம் எங்கிருந்து வருகிறது? உள்ளேயிருந்துதான். மேல்தோலின் உச்சியில் செத்த செல்களால் ஆன ஓர் அடுக்கு இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, இரண்டு பங்குதான். வியர்க்காத நேரத்திலும் அதன் வழியே உடலின் நீர் சத்தமில்லாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிலிட்டர். மண்பானையின் புறத்தில் நடப்பதற்குச் சற்றே ஒப்பானது. இந்தப் போக்கு மட்டுமீறும்போதுதான் தோல் வறள்கிறது. பூச்சு செய்யும் வேலை அந்தப் போக்கைக் குறைப்பது. கொடுப்பதைவிடக் காப்பதே அதன் தொழில்.

> எண்ணெய்ப் பசை போனதால் தோல் வறள்கிறது. எண்ணெய் சேர்த்தால் மென்மையாகிறது. இதில் நீர் எங்கே வந்தது?

இதே கேள்விக்கு இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1952-இல் விடை சொல்லிவிட்டார். உள்ளங்கால் காய்ப்பிலிருந்து சீவிய துண்டுகளை உலர்த்தினார். அவை அப்பளம்போல் நொறுங்கும் நிலைக்கு வந்தன. எண்ணெயிலும் கொழுப்பிலும் ஊறப் போட்டார், விறைப்பு போகவில்லை. தண்ணீரில் போட்டதும் வளைந்து கொடுத்தன. அந்த அடுக்கில் நீரின் அளவு நூற்றுக்குப் பத்துக்குக் கீழே போனால் வெடிப்பு தொடங்கிவிடும் என்பதும் அவர் கண்டதே. ஆக, தோலை மென்மையாக்குவது நீர். எண்ணெய் அந்த நீருக்குக் காவல்.

பிளாங்கைப் படிக்காத என் பெரியம்மா இதை வேறு விதமாகச் சொல்வார். மார்கழியில் எங்கள் முழங்காலுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுப்பார். வெள்ளையாகக் கோடு விழுந்தால் அன்று எண்ணெய் உண்டு. ஆனால் குளித்துத் துவட்டி, பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றால் திட்டு விழும். ‘ஈரத்தோடு ஈரமாகத் தடவ வேண்டும், காய்ந்த பிறகு தடவி என்ன பயன்?’ என்பார். ஈரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதுதான் இது. இன்று தோல் மருத்துவர்களும் குளித்த சில நிமிடங்களுக்குள் தடவச் சொல்கிறார்கள். ‘ஈரப்பதமூட்டி’ என்று பெயர் வைத்துவிட்டால் இந்த அறிவு சொல்லிலேயே செத்துவிடும். கிரீமே ஈரம் தரும் என்று நம்புகிறவர் காய்ந்த காலில் தடவிவிட்டுப் பலனில்லை என்று குறைப்படுவார். கரப்பான் (எக்ஸிமா) வந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் இதை நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

எனவே என் வாக்கு ‘ஈரக்காப்பு’க்கு. முதலில் நானே ‘ஈரங்காப்பி’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். எங்கள் கூடத்துத் தம்பி ஒருவன், ‘அக்கா, இது சூடாகக் கிடைக்குமா?’ என்று கேட்டான். அன்றோடு அதை விட்டுவிட்டேன்.

> காப்பு என்றால் வளையல். கோயில் திருவிழாவில் கையில் கட்டும் கயிறு. கிரீமுக்கு எப்படிப் பொருந்தும்?

அம்மா, நீங்கள் சொன்ன அதே கோயிலுக்குள் இன்னும் பத்தடி நடந்து வாருங்கள். சந்தனக் காப்பு, மஞ்சள் காப்பு, வெண்ணெய்க் காப்பு எல்லாம் மேனியில் பூசுவதுதானே? திருவரங்கத்தில் பள்ளிகொண்ட மூலவர் சுதைத் திருமேனி என்பதால் அவருக்கு நீர்த் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். மேனியில் பூசிக் காப்பதற்குத் தமிழ் நெடுநாளாக வைத்திருக்கும் பெயர் காப்பு. இதை ஏற்றுக்கொண்டால் ஒரு குடும்பமே கிடைக்கிறது: சன்ஸ்கிரீனுக்கு வெயிற்காப்பு, லிப் பாமுக்கு இதழ்க்காப்பு.

> மாய்ஸ்ச்சரைசர் என்றே எழுதலாமே. கடையில் அப்படித்தானே கேட்கிறார்கள்?

கடையில் கேட்கட்டும், எனக்கு வருத்தமில்லை. பெயர் என்பது விற்பதற்கு. அதில் உண்மை தேடக் கூடாது. 1952-இல் டாடா குழுமம் தொடங்கிய லக்மே, நம் லட்சுமி பிரெஞ்சு ஒப்பனை போட்டுக்கொண்டு வந்ததுதான். வாசலின் இன்னும் வேடிக்கை. ஜெர்மன் மொழியில் நீரைக் குறிக்கும் சொல்லையும் கிரேக்கத்தில் எண்ணெயைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர் அது என்பார்கள். டப்பாவுக்குள் ஒரு சொட்டு நீர் கிடையாது! ஆனால் விற்பனைப் பெயருக்கு உள்ள இந்தச் சலுகை கலைச்சொல்லுக்கு இல்லை.

இனி உட்பிரிவுகள். எல்லா ஈரக்காப்பும் ஒரே வழியில் வேலை செய்வதில்லை. வாசலினில் உள்ள பெட்ரோலேட்டமும் மெழுகுகளும் தோலின் மேல் படலமாக நின்று நீர் போகும் வழியை அடைக்கின்றன. இந்த வகைக்கு இழையில் ‘அடைப்பான்’, ‘மறைப்பி’, ‘புறமூடி’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு தென்னந்தோப்புக்குப் போவோம். கோடையில் மரத்தின் அடியில் வட்டமாகத் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்குகிறார்களே, கரும்புத் தோகையைப் பரப்புகிறார்களே, அதன் பெயர் என்ன? மூடாக்கு. மூடாக்கு ஒரு குவளை நீர்கூட மண்ணுக்குத் தருவதில்லை. மண்ணில் இருக்கும் ஈரத்தை வெயில் குடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. பாய்ச்சிய பிறகுதான் மூடாக்குப் போட வேண்டும் என்பது எந்த உழவருக்கும் தெரியும். பெரியம்மாவின் ‘ஈரத்தோடு ஈரமாக’ இதேதான். பெட்ரோலேட்டம் ஒரு மூடாக்கு என்று ஒரே ஒருமுறை சொன்னால் போதும், எப்போது தடவுவது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்தச் சொல்லுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடத் தயாராக இருக்கிறேன்.

அடுத்தது கிளிசரின், யூரியா, ஹையலூரோனிக் அமிலம் வகை. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவதுபோல் நீரைத் தம்மிடம் இழுத்துப் பிடித்துக்கொள்பவை. பள்ளிப் பாடநூல் வழியில் ‘ஈரமுறிஞ்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேதியியலாக அது சரி. புட்டியில் அச்சிட்டால் முகத்து ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று வாங்க வந்தவர் ஓடிவிடுவார். (மிக உலர்ந்த காற்றில், மேலே மூடாக்கு இல்லாமல் தனிக் கிளிசரினைத் தடவினால் அந்தப் பயம் நியாயமானதே, அது உள்ளேயிருந்தும் நீரை இழுக்கும்.) ‘ஈரம்பற்றி’ என்று நான் நினைத்தது, ஈரத்தைப் பற்றிய கட்டுரைத் தலைப்பு போலாகிவிட்டது. இழையில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘ஈரமீர்ப்பி’ இருக்கட்டும். வேகமாக மூன்று முறை சொன்னால் நாக்கு சுளுக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது வகையில்தான் எனக்குத் தெளிவில்லை. செல்களைச் செங்கல் என்றும் அவற்றுக்கிடையே உள்ள கொழுப்பைச் சாந்து என்றும் உவமை சொல்வது துறையில் வழக்கம். செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது அந்தச் சாந்து. சாந்து உதிர்ந்த இடங்களில் புகுந்து நிரவிச் சொரசொரப்பைப் போக்கும் எண்ணெய்ப் பொருள்கள் இந்த வகை. ‘தோலிளக்கி’ என்றார் ஒருவர். மன்னிக்கவும், மலமிளக்கி நினைவுக்கு வராமல் அதைப் படிக்க முடியவில்லை. ‘மென்மையூட்டி’ பரவாயில்லை, மென்மையை இது உண்மையாகவே தருவதால் இங்கே ‘ஊட்டி’ பொய்யாகாது. ஆனால் கட்டடத்துக்கும் நெற்றிப் பொட்டுக்கும் பொதுவான ‘சாந்து’ என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்போது அதை விட்டுவிட மனமில்லை. ‘சாந்துநிரவி’ நீளமா? கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். செங்கல் இடுக்கைப் பூசி நிரவுவதற்கு உங்கள் பக்கம் தனிச் சொல் இருக்கிறதா?

கடைசியாக அந்தச் சொந்தக் காரணம். பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிகளின்படி கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். மற்ற மொழிகள் கூடுதலாக வரலாம். அதனால் எங்கள் லேபிளில் இதுவரை தமிழே இல்லை. பல மாதம் கேட்டு, புதிய 100 மில்லி புட்டியின் பின்பக்கத்தில் ஒரு வரிக்கு முதலாளியிடம் இடம் வாங்கியிருக்கிறேன். ‘குளித்தவுடன், ஈரம் காயும் முன் தடவும் ஈரக்காப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், சரியாகப் பொருந்துகிறது. வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருப்பவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதிவிடுங்கள்.