பள்ளியை விட்ட தங்கை பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத என்ன செய்ய வேண்டும்?

ஏற்காட்டு அண்ணன்:

அனைவருக்கும் வணக்கம். நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். அம்மா நோயில் விழுந்தபோது, அவரையும் வீட்டையும் பார்த்துக்கொள்வதற்காக என் தங்கை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டாள். இப்போது அவளுக்குப் பதினாறு வயது முடிந்திருக்கிறது, அம்மாவும் தேறிவிட்டார். வரும் மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதிவிட வேண்டும் என்று தங்கை உறுதியாக இருக்கிறாள். டிசம்பரில் கீழே சேலத்திற்குப் போய்ப் பணம் கட்டினால் போதும் என்றும், மொத்தம் 500க்கு 175 வாங்கினால் தேர்ச்சி என்றும் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். இரண்டும் சரிதானா? நான் எட்டாவதைத் தாண்டாதவன். தவறாக எதையாவது செய்து அவளுடைய ஓராண்டை வீணாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அம்மாபேட்டை:

தம்பி, அவர் சொன்ன இரண்டுமே சரியல்ல. டிசம்பர் வரை காத்திருந்தால் நீங்கள் பயப்படுவதே நடந்துவிடும்.

பள்ளியில் படிக்காமல், முதல் முறையாக எல்லாப் பாடங்களையும் எழுத வருபவரை நேரடித் தனித்தேர்வர் என்பார்கள். அவருக்குப் பதினான்கரை வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் தங்கைக்கு அதில் தடையில்லை. தடையாக வரக்கூடியது அறிவியல் செய்முறைதான். தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே, கல்வியாண்டின் தொடக்கத்தில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனியாக ஓர் அறிவிப்பு வெளியிடும். அந்த நாள்களுக்குள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் செய்முறைப் பயிற்சிக்குப் பெயரைப் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளியில் நடக்கும் வகுப்புகளில் குறைந்தது 80 விழுக்காடு வருகை காட்டியவர்களுக்கு மட்டுமே செய்முறைத் தேர்வு எழுத அனுமதி கிடைக்கும். எழுத்துத் தேர்வுக்கான பதிவு அதற்குப் பின்னால் வருவது. அதை அரசுத் தேர்வுகள் சேவை மையத்திற்கு நேரில் சென்று இணையவழியில் செய்ய வேண்டும். அங்கே தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் நுழைவுச்சீட்டைப் பதிவிறக்க அதிலுள்ள விண்ணப்ப எண் தேவைப்படும். கடைசி நாளைத் தவறவிட்டவர்களுக்குக் கூடுதல் கட்டணத்துடன் தக்கல் வாய்ப்பும் உண்டு. ஆனால், செய்முறைப் பயிற்சிக்கே பதியாதவருக்கு அதனால் பயனில்லை. பணத்தோடு வந்து நின்றும் திரும்பிப் போன பிள்ளைகளை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரை முதலில் ஒருமுறை பாருங்கள். பதினெட்டு வயதுக்குள் இடைநின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும் முயற்சி ஆண்டுதோறும் நடக்கிறது. அவளுக்கு மனமிருந்தால் பள்ளிக்கே திரும்புவது எல்லாவற்றிலும் மேல்.

கணித ஆசிரியை, சேலம்:

ஐயா பதிவைப் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். மதிப்பெண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்துக்கும் தலா 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 35 எடுத்தாக வேண்டும். தமிழில் 90 வாங்கிக் கணிதத்தில் 34 வாங்கினாலும் தேர்ச்சி இல்லை. ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறைவை ஈடுசெய்யாது.

அறிவியலில் இன்னும் கவனம் வேண்டும். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 பெற வேண்டும். செய்முறையில் முழு 25 வாங்கி எழுத்தில் 12 மட்டும் எடுத்தவருக்குக் கூட்டினால் 37 வருகிறது. ஆயினும் அவர் தேர்ச்சி பெறவில்லை. இதை முன்கூட்டியே அறியாமல் முடிவு வந்த அன்று அழும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

கணிதத்தைக் கண்டு தங்கை அஞ்ச வேண்டாம். ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கு. இரண்டு மதிப்பெண்ணில் பத்தும் ஐந்து மதிப்பெண்ணில் பத்தும் எழுத வேண்டும். கடைசியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு, அதாவது செய்முறை வடிவியலும் வரைபடமும். அளவுகோலும் கவராயமும் கொண்டு நாள்தோறும் ஒரு படம் வரைந்து பழகினால் அந்த 16 கைக்குள் வந்துவிடும். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை பழகிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கணக்கின் இறுதி விடை தவறினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே எதையும் எழுதாமல் விடக் கூடாது என்று சொல்லுங்கள்.

பழைய கையேடுகளை வாங்காதீர்கள். 2019-20 கல்வியாண்டிலிருந்து தமிழும் ஆங்கிலமும் இரண்டு தாள்களாக இல்லாமல் ஒரே தாளாக நடக்கின்றன.

ஆத்தூர்க்காரர்:

பெயர் விவரத்தை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். என் மகன் படித்த பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாரித்தபோது அவனுடைய முதலெழுத்தை மாற்றிப் பதிந்துவிட்டார்கள். சரிபார்க்கக் கொடுத்த தாளை நானும் படிக்காமல் கையெழுத்திட்டேன். சான்றிதழ் அச்சாகி வந்தபின் அதைத் திருத்த எத்தனையோ நாள் அலைந்தோம். பிறந்த தேதி, முதலெழுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், பெற்றோர் பெயர் ஆகியவை மாற்றுச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். வேறுபட்டால் பதிவுக்கு முன்பே திருத்திவிடுங்கள்.

ஏற்காட்டு அண்ணன்:

உங்கள் அனைவருக்கும் நன்றி. தங்கையை அருகில் உட்கார வைத்தே எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆதாரில் அவள் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதை இப்போதுதான் கவனித்தோம். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஒரு பாடத்தில் தவறினால் ஐந்தையும் மறுபடி எழுத வேண்டுமா? செய்முறை வகுப்பு சேலத்தில் கிடைத்தால், பழம் பறிக்கும் பருவத்தில் அவளைத் தனியாகக் கீழே அனுப்ப அம்மா தயங்குகிறார்.

கணித ஆசிரியை, சேலம்:

தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். அதே ஆண்டிலேயே துணைத்தேர்வும் நடக்கும். மதிப்பெண் கூட்டலில் ஐயம் இருந்தால், முடிவுக்குப் பின் அறிவிக்கப்படும் நாள்களுக்குள் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அம்மாபேட்டை:

பதியும் நாளிலேயே மலையிலிருந்து வருவதை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஏற்காட்டிலேயே ஒரு பள்ளியை ஒதுக்க இயலுமா என்று கேளுங்கள். இயலாவிட்டால் வகுப்பு நாள்களின் பட்டியலை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அந்த நாள்களில் மட்டும் நீங்களோ அம்மாவோ உடன் வாருங்கள். ஆதார்த் திருத்தத்தை இந்த வாரமே முடித்துவிடுங்கள், தம்பி.