தாத்தாவின் ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர்: கிளாரினெட் வந்தாலே அபஸ்வரம், அவசர உதவி தேவை

காட்பாடிப் பேரன்:
பரணில் தாத்தா கைப்பட எழுதிய ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர் (எல்லா வாத்தியங்களுக்கும் வரி வரியாக எழுதிய மேற்கத்திய இசைக் குறிப்பு) கிடைத்தது, 22 பக்கம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றி விர்ச்சுவல் வாத்தியங்களைப் போட்டுக் கேட்டால் வயலின், செல்லோ எல்லாம் தேன். கிளாரினெட் நுழைந்ததும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஹார்ன் அதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்குப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

மக்கன்பேடா:
எந்த சாப்ட்வேர்? எந்த வாத்திய ஒலி லைப்ரரி? ரேம் எவ்வளவு? நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது?

குடியாத்தம் கீபோர்டு:
ரேம்தான். அதுவும் நம்ம வேலூர் வெயிலில் லேப்டாப் தோசைக்கல் மாதிரி இருக்கும். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

சுருதிப்பெட்டி:
பழைய ஸ்கோர் என்றால் சுருதியை 432 ஹெர்ட்ஸுக்கு (ஏ நோட்டின் அதிர்வெண்) இறக்குங்கள்.

ரிட்டயர்டு பேண்டு:
ரேம் போதாவிட்டால் சத்தம் விட்டு விட்டு வரும், சுருதி மாறாது. 432க்கு இறக்கினால் எல்லா வாத்தியமும் சேர்ந்துதான் இறங்கும். 1939லேயே லண்டன் மாநாட்டில் 440 என்று பேசி முடித்த விஷயம் அது. தம்பி, பி ஃபிளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதியதை வாசித்தால் காதில் விழுவது பி ஃபிளாட். எஃப் ஹார்னில் அதே சி, கீழே இருக்கும் எஃப் ஆகிவிடும். இதுகூடத் தெரியாமல் ஸ்கோரில் கை வைக்கலாமா? வயலின் வரியின் தொடக்கத்தில் எத்தனை ஃபிளாட் (நோட்டை அரைப்படி இறக்கும் குறி), கிளாரினெட்டில் எத்தனை?

காட்பாடிப் பேரன்:
சாப்ட்வேர் மியூஸ்ஸ்கோர் சார். வயலினுக்கு இரண்டு. கிளாரினெட், ஹார்ன் இரண்டிலும் ஒன்றுமே இல்லை. தாத்தா மறந்துவிட்டார் என்று நானே எல்லா வரியிலும் இரண்டு போட்டேன். கிளாரினெட் பெயருக்குப் பக்கத்தில் பூச்சி அரித்திருக்கிறது.

ரிட்டயர்டு பேண்டு:
தாத்தா மறக்கவில்லை, நீங்கள்தான் திருத்திக் கெடுத்திருக்கிறீர்கள். வயலினுக்கு இரண்டு, கிளாரினெட்டுக்கு ஒன்றுமில்லை என்றால் அது பி ஃபிளாட் கிளாரினெட்தான், ஏ கிளாரினெட்டாக இருந்தால் ஐந்து ஃபிளாட் போட்டிருப்பார். ஹார்னுக்குப் பழைய வழக்கப்படி தொடக்கத்தில் ஒன்றும் போட மாட்டார்கள், வேண்டிய இடத்தில் நோட்டுக்குப் பக்கத்திலேயே போடுவார்கள். கான்செர்ட் பிட்ச் பட்டனை (எல்லா வரியையும் காதில் விழும் சுருதியிலேயே காட்டுவது) அணைத்துவிட்டு, தாத்தா எழுதியதை அப்படியே அடியுங்கள்.

சுருதிப்பெட்டி:
எதற்கு மெஷின்? கிளாரினெட் வாசிக்கும் ஆளைக் கூப்பிட்டால் போச்சு. ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசையையே அதில் வாசித்தவர்.

மக்கன்பேடா:
அவருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் எதற்கு? இங்கே 22 பக்கத்தைப் பார்த்து வாசிக்க ஆள் வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள். நீங்கள் செலவு ஏற்கிறீர்களா?

சுருதிப்பெட்டி:
நான் சொன்னது வேறு, நீங்கள் பேசுவது வேறு.

காட்பாடிப் பேரன்:
கிளாரினெட் சரியாகிவிட்டது, நன்றி சார். பாட்டி இரண்டு தடவை கேட்டுவிட்டு, இவ்வளவு வேகம் இல்லை என்றார். 14ஆம் பக்கத்தில் மட்டும் ஹார்ன் பாதாளத்தில் உறுமுகிறது.

ரிட்டயர்டு பேண்டு:
அந்த இடத்தில் பேஸ் கிளெஃப் (கீழ் ஸ்வரங்களுக்கு வரியில் போடும் குறி) போட்டிருக்கிறாரா? பழைய முறையில் அதில் ஹார்னை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே தள்ளி எழுதுவார்கள், நீங்கள் ஏற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

மக்கன்பேடா:
தம்பி, இருக்கிறீர்களா?