கதை ஏன் சொல்கிறோம்? மாணவர்களுடன் டிஜிட்டல் கதை செய்வதற்கு முன் சில ஐயங்கள்

தக்கலை ஆசிரியை:

வணக்கம். தக்கலைக்கு அருகே ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதைகளை மாணவர்கள் குரலும் பழைய புகைப்படங்களும் சேர்த்து, இரண்டு மூன்று நிமிட டிஜிட்டல் கதைகளாகக் கைப்பேசியிலேயே உருவாக்க வேண்டும் என்பது திட்டம். தொடங்கியதுமே இரண்டு ஐயங்கள் எழுந்துவிட்டன.

முதலாவதை எழுப்பியவள் ஒரு மாணவி. குமரி அம்மனுக்கும் சுசீந்திரத்து ஈசனுக்கும் நடக்கவிருந்த திருமணம், நாரதர் சேவலாகக் கூவியதால் நின்றுபோனது என்றும், சமைக்காமல் கிடந்த அரிசியும் பயறும்தான் கன்னியாகுமரிக் கடற்கரையில் பல நிற மணலாயின என்றும் அவளுடைய பாட்டி சொல்லியிருக்கிறார். "சிவப்பு மணல் கார்னெட், கறுப்பு மணல் இல்மனைட் என்று படித்துவிட்டோமே டீச்சர், பிறகும் ஏன் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள். அவளுக்குத் தகுந்த விடை சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாவது, பதிவு செய்வதில் உள்ள சிக்கல். மற்ற நாட்களில் மணிக்கணக்காகக் கதை சொல்லும் பாட்டி, கைப்பேசியை நீட்டியவுடன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நாலே வரியில் முடித்துவிட்டு, "இம்புட்டு போதுமா மக்கா?" என்று கேட்கிறார். கதைச் சுருக்கம் பதிவாகிவிடுகிறது, கதை பதிவாவதில்லை.

கணியாகுளம் வாசகர்:

டீச்சர், அந்த மாணவியின் கேள்வியை வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டலாம். மணவாளக்குறிச்சியில் அந்த மணலிலிருந்து கனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலையே இருக்கிறது; ஆகவே மணல் எதனால் ஆனது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாட்டியின் கதை அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வந்ததன்று. மணநாள் குறித்து, விருந்துக்கு எல்லாம் ஆயத்தமாகி, விடிவதற்குள் நின்றுபோன திருமணத்துக்குப் பிறகும் ஒரு பெண் எப்படித் தலைநிமிர்ந்து நிற்கிறாள் என்பதைத்தான் அது சொல்கிறது. அந்தப் பெண்ணின் துயரத்தை மறந்துவிடாதபடி கையில் அள்ளிப் பார்க்க ஓர் அடையாளம் வேண்டும், அதற்குத்தான் மணல்.

மனிதர் ஏன் கதை சொல்கிறார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் பலவிதமாக விடை தருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது பாலி வீஸ்னர் என்ற மானிடவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள கலகாரிப் பாலைப் பகுதியில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்துவந்த மக்களின் பேச்சை அவர் பகல், இரவு என்று பிரித்துப் பார்த்தார். பகற்பேச்சில் கதை 6 விழுக்காடு மட்டுமே. மற்றவை பெரும்பாலும் பிழைப்பைப் பற்றிய பேச்சும், ஒருவரையொருவர் குறைகூறுவதுமாக இருந்தன. இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்தபோதோ 81 விழுக்காடு கதையாக இருந்தது. பகலில் முட்டிக்கொண்டவர்கள் இரவில் ஒன்றாக அமர்ந்து, தொலைவில் இருப்பவர்களையும் இறந்தவர்களையும் நினைத்துக்கொள்ள அந்தக் கதைகள் இடம் கொடுத்தன. நம் கோயில் கொடை விழாக்களில் கதை இரவு முழுக்க நீள்வதை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுமத்திராவை ஒட்டியுள்ள சிமலுவே தீவில் 1907-இல் ஆழிப்பேரலை பலரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அங்குள்ள பெரியவர்கள், நிலம் கடுமையாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓட வேண்டும் என்பதைக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நில அதிர்ச்சியின் மையத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். அதே நாளில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் நாம் எத்தனை பேரை இழந்தோம் என்பது உங்கள் மாணவர்களின் பெற்றோருக்குத் தெரியும். இப்போது நம் கரையிலும் அந்தக் கதை இருக்கிறது. அதை யார், யாருக்குச் சொல்லப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

தோவாளைப் பாட்டுக்காரர் மகன்:

இரண்டாவது ஐயத்துக்கு வில்லுப்பாட்டு மேடையிலிருந்து விடை சொல்கிறேன். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாடுவதை மட்டுமே எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கத்தில் அமர்ந்து "ஆமா" போடுகிறவரைக் கவனியுங்கள். "காட்டு வழியே வந்தாளாம்" என்று புலவர் நிறுத்த, அவர் "ஆமா, தனியாவா வந்தா?" என்று கேட்பார், அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த அடி எழும்பும். எதிரே கூட்டம் சோர்ந்தால் புலவர் கதையைச் சுருக்குவார். பெண்கள் கண்ணைத் துடைத்தால் இசக்கியம்மன் கதையில் வரும் நீலியின் முறையீட்டை இன்னும் நீட்டுவார். ஒரே இசக்கியம்மன் கதையை நான் ஊருக்கு ஊர் வேறு அளவுகளில் கேட்டிருக்கிறேன்.

உங்கள் பாட்டிக்கு எதிரே இருந்தது கைப்பேசி. அது "உம்" கொட்டாது. ஆகவே அதை ஒரு துணியின் மேல் பாட்டியின் பார்வையில் படாத இடத்தில் வைத்து, குரல் பதிவை மட்டும் ஓடவிடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எதிரே பேத்தி உட்கார்ந்து உம் கொட்டட்டும், இடையில் மறித்துக் கேட்கட்டும். "கதை சொல்லுங்க" என்று தொடங்காமல், பழைய பாம்படத்தையோ ஓலைப்பெட்டியையோ கையில் கொடுத்து "இது யாருது பாட்டி?" என்று கேட்டால் போதும். பேத்தியின் "உம்" பதிவில் விழுந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். அதுவும் கதையில் சேர்ந்ததுதான்.

மார்த்தாண்டம் கணினிக்காரன்:

அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டியைப் பதிவு செய்வது ஆவணம். டிஜிட்டல் கதை என்பது வேறு. 1990-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி முதலியோர் இந்த முறையைப் பட்டறைகளாக நடத்தத் தொடங்கியபோது, செய்கிறவர் தம் வாழ்க்கையைத் தம் குரலிலேயே சொல்ல வேண்டும் என்பதையே அடிப்படையாக வைத்தார்கள். ஆகவே மணல் கதையைப் பாட்டி சொல்லட்டும். அதைக் கேட்டு, கார்னெட்டையும் படித்து, இரண்டுக்கும் நடுவே நிற்கிற மாணவி தன் கதையைச் சொல்லட்டும். பாட்டியின் குரல் நடுவில் அரை நிமிடம் வந்தாலே போதும்.

கேட்பவரே வழியைத் தேர்ந்தெடுக்கும் கிளைக்கதை செய்ய விரும்பினால், ட்வைன் என்ற இலவசக் கருவி 2009 முதல் இருக்கிறது. உலாவியிலேயே இயங்கும், யூனிகோடு தமிழை ஏற்கும். ஆனால் எழுதிவைத்த கிளைகளுக்கு வெளியே அது போகாது. கூட்டத்தின் முகம் பார்த்துக் கதையை வளைக்கும் புலவருக்கு அதை ஈடாகச் சொல்ல மாட்டேன்.

தக்கலை ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கடற்கரை ஊரிலிருந்து வரும் ஒரு மாணவன் 2017 ஒக்கிப் புயலில் தந்தையை இழந்தவன். அவன் அதைப் பற்றிச் செய்யலாமா என்று நான் கேட்கலாமா?

தோவாளைப் பாட்டுக்காரர் மகன்:

நீங்களாகக் கேட்க வேண்டாம் அம்மா. எந்தக் கதையும் செய்யலாம் என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அவன் படகைப் பற்றியோ வலையைப் பற்றியோ செய்தாலும் அது அவன் கதையே. தந்தையைப் பற்றி அவனே எடுத்தால், முதலில் அவன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகே வகுப்பில் காட்டுவது. அவர்கள் இருவரும் வேண்டும் என்று சொல்லாதவரை இணையத்தில் ஏற்றாதீர்கள்.