இதய மருத்துவர் இருக்க, அறுவை மருத்துவர் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு மூன்று இரத்தக்குழாய்களில் அடைப்பு. ஸ்டென்ட் போதாது, பைபாஸ்தான் என்று இதய மருத்துவர் வேறொருவரிடம் அனுப்பிவிட்டார். இதயத்தையே நிறுத்திவிடுவார்களாமே? பயமாக இருக்கிறது.

பதில் 1: மருந்தும் ஸ்டென்ட்டும் (அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) இதய மருத்துவர் வேலை. பைபாஸ் என்பது அடைப்பைத் தாண்டி இரத்தம் போக வேறொரு இரத்தக்குழாயை வைத்துத் தைக்கும் அறுவை. அதற்காக மார்பைத் திறப்பவர் இதய, நெஞ்சக அறுவை மருத்துவர். நுரையீரல் அறுவையும் இதே துறைதான்.

பதில் 2: அறுவை அரங்கில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவள் நான். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசல் உள்ளே போனதும் இதயம் அசைவற்று நிற்கும். அந்த நேரம் முழுவதும் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றி உடலெங்கும் அனுப்புவது இயந்திரம். 1953இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் இதை முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். தையல் முடிந்து இரத்தம் மீண்டும் பாய்ந்ததும் இதயம் பெரும்பாலும் தானாகவே துடிக்கத் தொடங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. துடிக்கும் இதயத்திலேயே பைபாஸ் செய்வதும் உண்டு. அப்பாவுக்கு எது பொருந்தும் என்று தயங்காமல் கேளுங்கள்.

பதில் 3: அறுவை முடிந்ததும் மார்பெலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.