பழைய பெட்ஃபோர்ட் தீயணைப்பு வண்டி: வேக்குவம் 18க்கு மேல் ஏறவில்லை, பூர்வீகமும் தெரியவில்லை

குன்னூர் பையன்:
எஸ்டேட் ஏலத்தில் பழைய பெட்ஃபோர்ட் தீயணைப்பு வண்டி ஒன்றை எடுத்தேன். பெட்ரோல் எஞ்சின், பித்தளை மணி. கூடவே ஒரு லாக் புத்தகம். முன்பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டதால் எந்த ஊர் வண்டி என்றே தெரியவில்லை. பம்பை பிரைமிங் செய்தால், அதாவது தண்ணீர் ஏறுவதற்காக உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினால், வேக்குவம் கேஜ் முள் 18 அங்குலத்தோடு (பாதரச அளவு) நின்றுவிடுகிறது. 24 வரவேண்டும், பம்பைப் பிரிக்கவேண்டும் என்கிறார் சமவெளி மெக்கானிக் ஒருவர். செலவைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. எஞ்சினும் கறுப்பாகப் புகைகிறது.

ஓய்வுபெற்ற ஃபயர்மேன்:
தம்பி, பம்பைத் தொடாதே. 24 என்பது கீழே இருப்பவர்களின் கணக்கு. ஆயிரம் அடி ஏறினால் காற்றழுத்தம் இறங்கி ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். குன்னூர் ஆறாயிரம் அடி, நீயே கழித்துப் பார். சக்‌ஷன் வாயை மூடி வேக்குவம் ஏற்று, பிரைமரை நிறுத்து, ஒரு நிமிடம் முள்ளைக் கவனி. மடமடவென்று இறங்கினால் வாஷரோ பம்ப் தண்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கோ காற்று இழுக்கிறது. நின்றால் பம்ப் நல்லது. ஆனால் தண்ணீர் இழுக்கும் ஆழமும் குறையும்: கடல்மட்டத்தில் ஏட்டளவில் 10.3 மீட்டர், நம்மூரில் 8.3தான். நடைமுறையில் அதுவும் கிடைக்காது, ஓடைக்குப் பக்கத்திலேயே நிறுத்து.
அப்புறம், லாக் புத்தகத்தில் வேக்குவம் டெஸ்ட் எழுதியிருக்கிறார்களா?

மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்:
புகைக்குக் காரணம் கார்புரேட்டராக இருக்கலாம். மலையில் காற்று மெலிசு, சமவெளி அளவு மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் சிறு துளைத் திருகு) பெட்ரோலை அதிகம் ஊற்றும். ஜெட்டில் எண் பொறித்திருக்கும், ஒரு அளவு சின்னதாகப் போட்டுப் பாருங்கள்.

குன்னூர் பையன்:
ஐயா, முள் அசையவே இல்லை! புத்தகத்தையும் புரட்டினேன். 1964 முதல் 23, 24 என்றே வருகிறது. 1970 மார்ச்சில் இருந்து 18.

ஓய்வுபெற்ற ஃபயர்மேன்:
அப்போதுதான் மலையேறியிருக்கிறது. அந்த மாதத்தை வரிவரியாகப் படி.

குன்னூர் பையன்:
கிடைத்தது! "பர்லியாரில் ரேடியேட்டர் கொதித்தது, தண்ணீர் 2 வாளி." மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில் உள்ள ஊர்தானே அது. அதற்கு முன்னால் மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல். புறப்பட்ட ஊரைத்தான் கரையான் பாதி தின்றிருக்கிறது, "...பாளையம்" மட்டும் மிச்சம். கொங்கு நாட்டில் எத்தனை பாளையம்!

ஓய்வுபெற்ற ஃபயர்மேன்:
கதவைப் பார். சிவப்புக்குக் கீழே பழைய எழுத்து இருக்கலாம். மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய். அவசரப்பட்டால் ஊரும் போய்விடும்.