சும்மா கிடக்கும்போதே 14 வாட்: பவர்டாப் சொல்வதை நம்பலாமா?

கேட்டவர்:
பழைய லேப்டாப், லினக்ஸ். கை வைக்காமல் விட்டாலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மின்செலவைக் காட்டும் பவர்டாப் கருவியைத் திறந்தால் 14 வாட் காட்டுகிறது. ஆறு மாதம் முன்பு 8-தான். சரி என்று, அதன் மின்சேமிப்பு அமைப்புகளை எல்லாம் ஒரேயடியாகப் போடும் ஆட்டோ ட்யூன் கொடுத்தேன்; 12-க்கு இறங்கியது. ஆனால் மவுஸை இரண்டு விநாடி விட்டால் தூங்கிவிடுகிறது, கிளிக் செய்து எழுப்ப வேண்டியிருக்கிறது. இன்னொன்று, சார்ஜரைச் சொருகியதும் வாட் கணக்கே காணாமல் போகிறது. ஏதாவது கெட்டுவிட்டதா?

பதில் 1:
எதுவும் கெடவில்லை. அந்த எண் பேட்டரி காலியாகும் வேகத்திலிருந்து வருவது. சார்ஜர் இருந்தால் பேட்டரி காலியாகாது, எண்ணும் வராது. மவுஸ் தூங்குவது, சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் ஆட்டோசஸ்பெண்டால். பவர்டாப்பின் ட்யூனபிள்ஸ் பக்கத்தில் மவுஸ் இருக்கும் வரியில் என்டர் தட்டுங்கள், ‘பேட்’ (மோசம்) என்று மாறும். பயப்படாதீர்கள், உங்கள் மவுஸுக்கு அதுதான் நல்லது. ரீபூட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மின்சேமிப்பு நிரந்தரமாக வேண்டுமென்றால் டிஎல்பி என்ற புரோகிராம் போடுங்கள். ஆனால் ஆட்டோ ட்யூனையும் சேர்த்து ஓடவிடாதீர்கள். ஒன்று வைத்ததை மற்றொன்று மாற்றும்.

பதில் 2:
ட்யூனிங்கில் 2 வாட் போனது சரி, மீதி 4 வாட் எங்கே? ஏதோ ஒரு புரோகிராம் சிபியுவைத் தூங்கவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. பவர்டாப்பின் முதல் பக்கத்தில் விநாடிக்கு எத்தனை வேக்அப் (சிபியுவை எழுப்புவது), எந்தப் புரோகிராம் மேலே நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஐடில் ஸ்டாட்ஸ் பக்கம். பேக்கேஜ் (முழு சிப்) வரிசையில் ஆழமான சி-ஸ்டேட்டுக்கு (தூக்க நிலை) எதிரே பூஜ்யம் இருந்தால், சிப் ஆழமாகத் தூங்கவே இல்லை என்று அர்த்தம்.

கேட்டவர்:
பூஜ்யமேதான். மேலே நின்றது பிரவுசர். ஒவ்வொரு விண்டோவாக மூடிக்கொண்டே வந்தேன். வேறொரு ஒர்க்ஸ்பேஸில் மூன்று வாரமாகக் கிடந்த ஒரு பக்கம். ‘அப்புறம் படிக்கலாம்’ என்று வைத்தது. தலைப்புக்குப் பின்னால் பனி கொட்டும் அனிமேஷன். நான் பார்க்காதபோதும் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது! மூடிய ஒரு நிமிடத்தில் ஃபேன் நின்றது. ஆட்டோ ட்யூனை எடுத்துவிட்ட பிறகும் 8.6. கட்டுரையை இன்னும் படிக்கவில்லை.

பதில் 3:
விண்டோஸ்காரர்கள் இதுபோலப் பார்க்க: அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளை, ‘எனர்ஜி’ என்ற ஆப்ஷனோடு. 60 விநாடி கவனித்துவிட்டு ஒரு எச்டிஎம்எல் அறிக்கை தரும். சிவப்பாக வருவதை எல்லாம் நோயாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெஸ்க்டாப் என்றால் மென்பொருள் காட்டும் வாட் பெரும்பாலும் பிராசஸருடையது மட்டும். மானிட்டரும் பவர் சப்ளையில் வீணாவதும் அதில் வராது. அதற்குச் சுவர் பிளக்கில் மாட்டும் மீட்டர்தான் வழி.